டைரக்டர் என்பதை போல்டு செய்யவும்

ஜனவரி 8

வக்கீல் சதானந்தம் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "தம்பி, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சுக்குங்க. நாலு வருசம் கழிச்சுக் கூண்டுல நிக்கறப்ப எதுவும் நெனப்பு வராது" என்றார். நாலு வருடமா என்று கேட்டேன். சீக்கிரம் முடிந்தால் என்றார்.

சரி, அடிப்படைத் தகவல்கள். பெயர் ம. சபரிகிரீசன், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஊர் கோயமுத்தூர், கணபதி. 'பொன்மயில் தங்கச் சேமிப்பு' என்ற நிறுவனத்துக்கு ஆப் செய்து கொடுத்தேன். மாதாமாதம் பணம் கட்டினால் கடைசியில் தங்கம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. கார்த்திகை தீபத்தன்று முதலாளி பொன்னுரங்கம் காணாமல் போனபோதுதான் தங்கமும் இல்லை என்று தெரிந்தது.

வழக்கில் ஐந்து பேர். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். பொன்னுரங்கம் முதல் எதிரி. மனைவி இரண்டு, மச்சினன் மூன்று, டிரைவர் நான்கு. நான் ஐந்தாவது எதிரி. டிரைவருக்கும் கீழே போட்டிருக்கிறார்கள்.

ஆப்பில் ஒரு பிழை கிடையாது. பணம் கட்டும்போதும் கணக்கைத் திறக்கும்போதும் திரையில் ஒரு தங்கக் காசு உண்டியலில் விழுந்து 'டிங்' என்று சத்தம் வரும். அந்த டிங் சரியாக வருவதற்கு ஒரு வாரம் உழைத்தேன். இன்றைக்கும் ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டினார்கள் என்பதை ஆப் பைசா சுத்தமாகக் காட்டுகிறது. பணம்தான் இல்லை. அது என்னுடைய மாட்யூல் அல்ல.

ஜனவரி 9

முன்ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலையில் விசாரணை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இன்று முதல் நாள். பேனாவை நாமே கொண்டுபோக வேண்டுமாம்.

ஜனவரி 24

ஃபீஸ் எவ்வளவு என்று வக்கீலிடம் நேராகக் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி போலிருக்கிறது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சதானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பார்த்துச் செய்யுங்க தம்பி" என்றார். எதைப் பார்த்து என்றேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

நான் விடவில்லை. வேலையை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்தார். "இதுல ஜட்ஜு லீவு எங்க வருது?" என்றார்.

ஜெயிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் கேட்டேன். நல்லபடியாக நடக்கும் என்றார். அது சதவீதம் அல்ல.

வக்கீல் போக குமாஸ்தாவுக்குத் தனி, டைப் அடிக்கத் தனி, ஜெராக்சுக்குத் தனி, வாய்தாவுக்கு வாய்தா தனி. ஜூனியர் வக்கீல் ரெபேக்கா மட்டும் பணம் எதுவும் கேட்கவில்லை. என் பேனாவைக் கேட்டார். திருப்பித் தரவில்லை.

வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, ஹெர்னியா ஆபரேஷனுக்குக்கூட எஸ்டிமேட் தருகிறார்களே என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா வண்டி ஓட்டினார்.

பிப்ரவரி 9

தங்கை இந்துஜாவுக்கு இன்று வளைகாப்பு, சிங்காநல்லூரில் அவள் மாமனார் வீட்டில்.

முன்ஜாமீனில் இன்னொரு நிபந்தனை உண்டு. சாட்சிகள் யாரையும் நான் சந்திக்கக் கூடாது. இந்துஜாவின் மாமனார் வெள்ளியங்கிரி மாமா போலீஸ் தரப்பின் பதினேழாவது சாட்சி. என் பேச்சைக் கேட்டு, இல்லை, என் பேச்சைக் கேட்டு அல்ல, அவராகவேதான் பொன்மயிலில் பணம் போட்டார். ஆகவே தங்கை வளைகாப்புக்கு அண்ணன் சட்டப்படி உள்ளே போக முடியாது.

எதிர்ச்சாரி பேக்கரியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். ஐந்து வகைச் சாதமும் டிபன் கேரியரில் வந்தது. வெளிச் சாப்பாடு இங்கே கூடாது என்றார் பேக்கரிக்காரர். ஒரு தேங்காய் பன் வாங்கி அவரைச் சமாதானம் செய்தேன்.

அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தார். தலைப்பிரசவம், வழக்கப்படி இந்துஜாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். போலீஸ் வந்துபோகும் வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று மாமா மறுத்துவிட்டார். அத்தோடு நிறுத்தவில்லை. வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "கொழந்தைக்குக் காது குத்தறப்ப தாய்மாமன் மடி வேணுமில்லீங்க. அவன் கேசுல இருந்து சுத்தமா வந்தாத்தான் அந்த மடி. இல்லீனா நாங்க வேற மடி பாத்துக்கறோம்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. மடி என்பது குழந்தை ஆடாமல் உட்கார ஒரு தளம். யாருடையதாக இருந்தால் என்ன.

தேங்காய் பன் நன்றாகவே இல்லை.

மார்ச் 11

கையெழுத்துப் போடப் போனால், ரைட்டர் பரமசிவம் பிரிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நகருங்கள் என்றேன். ரோலரில் பழைய தாள் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். மிஷின் ஜம்மென்று ஓட ஆரம்பித்தது. முதல் தாளில் 'குற்றப்பத்திரிகை' என்று வந்தது. இரண்டாவது தாளில் என் பெயர் வந்தது.

பிரிண்ட் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சபரிகிரீசனை 'சபரிகரீசன்' ஆக்கியிருந்தார்கள். அப்பா மயில்சாமி, குயில்சாமி ஆகியிருந்தார். ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பும் தாளில் இப்படியா தப்பு விடுவது? ரைட்டரைக் கூப்பிட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று திருத்த வைத்தேன். வீட்டுக் கதவு எண்ணும் தப்பு. அதையும் திருத்தினோம். இந்த மாதிரி ஒத்துழைப்புக் கொடுத்த எதிரியைத் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 12

நேற்று நடந்ததை வக்கீலிடம் சொன்னேன். அவர் நெற்றியை மேஜைமேல் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. அந்தப் பெயரும் கதவு எண்ணும் அப்படியே இருந்திருந்தால் அதை வைத்தே இரண்டு வருடம் ஓட்டியிருப்பாராம். ரெபேக்கா ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

மார்ச் 30

குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்தது. படித்து முடித்தேன்.

நான் பொன்மயிலின் டைரக்டராம். அதனால் எல்லா மோசடியிலும் எனக்குப் பங்காம். ஆதாரம் இரண்டு. ஒன்று, விசிட்டிங் கார்டு. சம்பளம் உயர்த்தித் தரக் கேட்டபோது பொன்னுரங்கம் உயர்த்தவில்லை. பதிலுக்கு 'டைரக்டர்' என்று போட்டு ஐந்நூறு கார்டு அடித்துக் கொடுத்தார். எனக்கு அதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. பாதி கார்டு பெட்டியில் அப்படியே இருக்கிறது.

இரண்டு, போன வைகாசியில் நடந்த இந்துஜாவின் கல்யாணப் பத்திரிகை. பக்கம் 212. மணமகளின் சகோதரன் என்று என் பெயர், படிப்பு, அதற்குக் கீழே 'டைரக்டர், பொன்மயில் தங்கச் சேமிப்பு'. அம்மா போட்டது. ஊர் முழுக்கக் கொடுத்த பத்திரிகை. அதைப் பார்த்து நம்பித்தான் பணம் போட்டோம் என்று பத்துப் பதினைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளியங்கிரி மாமாவும் அதில் ஒருவர்.

உண்மை என்ன? நிறுவனத்தின் எந்தப் பத்திரத்திலும் என் பெயர் இல்லை. பங்கு இல்லை. செக்கில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அந்த ஆபீஸ் பாத்ரூம் சாவியையே பியூனிடம் கேட்டுத்தான் வாங்குவேன்.

இதை வைத்து விடுவிப்பு மனு போடலாம் என்கிறார் வக்கீல். அதாவது, விசாரணை ஆரம்பிக்கும் முன்பே இந்த ஆளை வழக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்பது. ஒரு சிக்கல், போலீஸ் தாக்கல் செய்த தாள்களை வைத்து மட்டும்தான் வாதாட வேண்டும். நம் பக்கத்திலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடக் காட்ட முடியாது. மனு தோற்றால் முழு விசாரணை, பல வருடம். மனுவுக்கு ஃபீஸ் எவ்வளவு?

பார்த்துச் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 18

அப்பாவின் ஸ்கூட்டர் சர்வீசுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வக்கீலுக்கு மனு ஃபீஸ் கொடுத்த அதே வாரம் போனது, இன்னும் வரவில்லை. இன்ஜின் வேலையாம். எந்த மெக்கானிக் என்று கேட்டால் அப்பா சொல்ல மாட்டேன் என்கிறார், நான் போய்ச் சண்டை போடுவேனாம். போடத்தான் செய்வேன்.

வண்டி இல்லாததால் அப்பா தினமும் காலையில் வாக்கிங் போகிறார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புகிறார். சர்க்கரைக்கு நல்லதாம். மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர், ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது.

மே 14

ஆண் குழந்தை. பதினேழாவது சாட்சி வார்டு வாசலில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருந்ததால் என்னால் உள்ளே போக முடியவில்லை. மாப்பிள்ளை தீபன் மாடியிலிருந்து வீடியோ காலில் காட்டினார். ஆஸ்பத்திரியில் சிக்னல் மோசம். குழந்தை சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். மூக்கு எங்கள் பக்கம் மாதிரி இருக்கிறது. அல்லது அது ஒரு சதுரமாகவும் இருக்கலாம்.

ஜூன் 22

மனு இன்று விசாரணைக்கு வரவேண்டியது. வாய்தா. நீதிபதி பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார்.

ஜூலை 13

வாய்தா. அரசு வழக்கறிஞர் வேறொரு கோர்ட்டில்.

ஜூலை 27

வாய்தா. எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் கட்டு வரவில்லை. அதாவது வழக்குக் காகிதம் மேல் மாடியில், பீரோ சாவி வைத்திருப்பவர் காது குத்துக்குப் போய்விட்டார்.

காது குத்து என்று கேட்டதும் அம்மா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். இது ஒரு வழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக் காது குத்தாக இருந்தாலும் அழுகிறார்.

ஆகஸ்ட் 5

இன்டர்வியூவில் தேர்வாகி, பின்னணி விசாரணையில் மறுபடியும் போயிற்று. மூன்றாவது கம்பெனி. வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு 'உண்டு, ஆனால்' என்று பதில் எழுதினேன். பெட்டியில் 'உண்டு' மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. யார் அந்தப் படிவத்தை புரோகிராம் செய்தார்களோ, அவர்களைச் சந்திக்க விரும்புகிறேன்.

சிங்காநல்லூர் பேக்கரிக்காரர் பில்லிங் சாஃப்ட்வேர் கேட்டார். செய்துகொண்டிருக்கிறேன். பாதி பணம், பாதி பஃப்ஸ்.

ஆகஸ்ட் 19

அப்பாவின் வேட்டியில் கிரீஸ். வாக்கிங் போனவருக்குக் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்றேன். ரோட்டில் ஒருவருக்குச் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது, மாட்டிக் கொடுத்தேன் என்றார். போன வாரமும் இப்படித்தான் ஒருவருக்குக் கழன்றது. கணபதியில் சைக்கிள்களின் தரம் மிகவும் குறைந்துவிட்டது.

செப்டம்பர் 8

போலீஸ் கூடுதல் ஆவணம் ஒன்றைத் தாக்கல் செய்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையை வடிவமைத்த டி.டி.பி. கடைக்காரர் சந்திரகாந்தனைச் சாட்சியாகச் சேர்த்து, அவருக்கு நான் அனுப்பிய மெயிலை எடுத்திருக்கிறார்கள். மெயிலில் ஒரே வரிதான்: 'டைரக்டர் என்பதை போல்டு செய்யவும்.'

அது டிசைன் பிரச்சினை. மற்றவர்களின் பதவிகளெல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. ஒரு வரி மட்டும் மெல்லியதாக இருந்தால் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். யார் பெயராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். சதானந்தத்திடம் இதை விளக்கினேன். அவர் மறுபடியும் நெற்றியை மேஜைமேல் வைத்தார்.

வீட்டில் அம்மா அதைப் படித்துவிட்டு, "எல்லார்த்துகிட்டயும் அம்மாதான் போட்டதுன்னு சொல்லிட்டிருந்தியே சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அக்டோபர் 17

ரெபேக்காவுக்கு ஒரு யோசனை. இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் போலீஸ் தாக்கல் செய்தவை.

ஒன்று பக்கம் 212, அந்தக் கல்யாணப் பத்திரிகை. அதில் மணமகனின் தந்தை 'ஆர். வெள்ளியங்கிரி, தொழிலதிபர்'. தடித்த எழுத்து. இன்னொன்று பக்கம் 88, பதினேழாவது சாட்சி போலீசுக்குக் கொடுத்த வாக்குமூலம். பெயர் ஆர். வெள்ளியங்கிரி. தொழில்: கிரைண்டர் ரிப்பேர்.

"பத்திரிகையில போட்டது அவருக்குப் பொய்னா, உங்களுக்கு மட்டும் எப்படி உண்மையாகும்?" என்றார் ரெபேக்கா. அவர் இதைச் சொன்னபோது கையில் இருந்தது என் பேனா.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பத்து மாதத்தில் இந்த ஆபீசில் யாரோ ஒருவர் தர்க்கப்படி பேசியது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 18

வீட்டில் சண்டை. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. கோர்ட்டுக்குப் பணம் போட்டவர்கள் நூறு பேர் வருகிறார்கள், பாதிப்பேர் மாமாவின் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். அவர்கள் நடுவில் தொழிலதிபரைக் கிரைண்டர் ரிப்பேர்க்காரர் என்று படித்தால், இந்துஜாவை அந்த வீட்டில் எப்படி வைத்திருப்பார்கள் என்கிறார். அந்தப் பத்திரிகையை நம்பித்தான் அவர்களும் பெண் எடுத்தார்கள், அதே பத்திரிகையை நம்பித்தான் நாமும் கொடுத்தோம் என்றேன். இது அம்மாவுக்கு ஆறுதலாக இல்லை.

படிக்காவிட்டால் மனு தோற்கும். தோற்றால் அந்த மடி கிடையாது. படித்து ஜெயித்தாலும் மாமா கோபத்தில் அந்த மடி கிடையாது. எப்படிப் போனாலும் ஒரே வெளியீடு வரும் புரோகிராமை எதற்கு ஓட்ட வேண்டும்?

அப்பா கொல்லையில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "படிக்கட்டும். அவரு தாங்குவாரு" என்றார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"தெரியும்."

அவ்வளவுதான். இவரும் வக்கீல் மாதிரியே பேசுகிறார்.

நவம்பர் 6

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோர்ட்டில் கால் வைக்க இடமில்லை. பணம் போட்டவர்கள் சுவரோரம்வரை நின்றார்கள். அவர்கள் நடுவில் வெள்ளியங்கிரி மாமா வெள்ளைச் சட்டையில் நின்றார். அப்பா கடைசி வரிசையில்.

அரசு வழக்கறிஞர் முதலில் பேசினார். ஐந்தாவது எதிரி தன்னை டைரக்டர் என்று ஊரறிய அறிவித்துக்கொண்டவர், அதுவும் தடித்த எழுத்தில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியவர் என்று என் மெயிலை வாசித்தார். மக்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டிசைன் பிரச்சினை என்று சொல்ல வாயெடுத்தேன். ரெபேக்கா என் செருப்பை மிதித்தார்.

பிறகு சதானந்தம் எழுந்தார். நான் இத்தனை மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் இவரா என்று இருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. பக்கம் 212-ஐ எடுக்கும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். என் பெயரைத் தாண்டி மேலே போனார். மணமகனின் தந்தை தொழிலதிபர் என்று இருக்கிறது. இப்போது பக்கம் 88. அதே மனிதர், போலீசாரிடம் தன் வாயால் சொன்ன தொழில். "கிரைண்டர் ரிப்பேர்" என்று நிதானமாக வாசித்தார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு அல்ல. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். டைல்ஸ் ஒன்று உடைந்திருந்தது.

அப்போது மாமாவின் குரல் கேட்டது. "ஐயா, அந்தப் பதினேழு நாந்தானுங்க."

நீங்கள் சாட்சி சொல்லும் நாள் இதுவல்ல, உட்காருங்கள் என்றார் நீதிபதி. உட்கார இடமில்லை. மாமா நின்றபடியே கும்பிட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறனுங்க. தொழிலதிபர்னு போடச் சொன்னது நாந்தான். எங்கட்ட ஒரு தொழிலாளி கெடையாது. நானே அதிபரு, நானே கடையைக் கூட்டறவன். இந்த ஏப்ரல்ல இருந்துதான் ஒருத்தரு வேலைக்கு வர்றாரு. மோட்டாருக்குக் காயில் கட்டுனாருன்னா அத்தனை சுத்தம். சம்பளத்தை நீட்டுனா வாங்கறதில்ல. நீங்க தொலைச்ச பணத்துல கழிச்சுக்குங்கங்கறாரு."

இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அரசு வழக்கறிஞர் எழுந்தார். மாமா கடைசி வரிசையைக் காட்டினார்.

"அவருதானுங்க. இந்தப் பையனோட அப்பா."

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது.

நீதிபதி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இப்ப நீங்க தொழிலதிபர்தான். உக்காருங்க" என்றார். இந்தத் தடவை எழுந்தது வேறு சிரிப்பு. யாரோ மாமாவுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

உத்தரவு இரண்டு வாரம் கழித்து.

வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் சீட் கிடைத்தது, அப்பாவுக்குக் கொடுத்தேன். ஸ்கூட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 20

விடுவிக்கப்பட்டேன்.

கல்யாணப் பத்திரிகையில் உள்ள பதவியை மட்டும் நம்பி ஒருவரை வழக்கில் சேர்ப்பதானால், பத்திரிகை அடித்த ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவரைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. நான் சிரிக்கவில்லை. சதானந்தம் சிரித்தார்.

முடிந்துவிட்டதா என்று கேட்டேன். போலீஸ் மேலே ஹைகோர்ட்டுக்குப் போகலாம், மூன்று மாதம் அவகாசம் உண்டு என்றார். போவார்களா? போக மாட்டார்கள் என்று நினைக்கிறாராம். எத்தனை சதவீதம்?

"நல்லபடியா நடக்கும்ங்க."

ஃபீஸ் பாக்கி எவ்வளவு என்று கேட்கவில்லை. பார்த்தேன், செய்தேன். குமாஸ்தா எண்ணிப் பார்க்காமல் மேஜை டிராயரில் போட்டார். போதுமா குறைவா என்று அவர் முகத்தில் எந்த அறிகுறியும் இல்லை. இதற்குத் தனியாகப் பயிற்சி இருக்க வேண்டும்.

ரெபேக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மை தீர்ந்திருந்தது.

டிசம்பர் 12

பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் பொன்னுரங்கத்தின் தோட்டத்தை ஏலம் விடப் போகிறார்களாம். யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டார் ஏல அதிகாரி. ஆப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எத்தனை பேர் எத்தனை சிறிய தொகையாகக் கட்டியிருக்கிறார்கள் என்று இதுவரை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு பெயராகத் திறக்கும்போதும் காசு விழுந்தது. டிங். டிங்.

முதல் வேலையாக அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 30

வெள்ளியங்கிரி மாமா வீட்டுக்கு வந்தார், அப்பாவைக் கடையிலிருந்து தன் டி.வி.எஸ்.ஸில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு. நான் கட்டில்மேல் லேப்டாப்போடு இருந்தேன். வாங்க மாமா என்றேன். ஒரு வருடத்துக்குப் பிறகு சட்டப்படி சொன்ன முதல் வாங்க.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "மடி காலியா இருக்குதா மாப்பிள்ள?" என்றார்.

லேப்டாப்பை எடுத்துக் கீழே வைத்தேன்.

பிப்ரவரி 1

காது குத்து இந்த மாதம் 15-ஆம் தேதி. போலீசின் மூன்று மாத அவகாசம் முடிய அதற்குப் பிறகும் சில நாள் இருக்கிறது. தள்ளி வைக்கலாமா என்று அம்மா கேட்டார். அப்படிப் பார்த்தால் பையனுக்கு மீசை முளைத்த பிறகுதான் காது குத்த முடியும் என்றாராம் மாமா.

பிப்ரவரி 3

பத்திரிகை அதே டி.டி.பி. கடையில். சந்திரகாந்தன் இந்தத் தடவை மெயிலும் வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம், எதுவானாலும் நேரில் வந்து சொல்லுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனேன்.

திரையில் காட்டினார். 'ஆர். வெள்ளியங்கிரி, கிரைண்டர் ரிப்பேர், மோட்டார் காயில் கட்டித் தரப்படும்.' கீழே போன் நம்பர். பத்திரிகையை விளம்பரமாக்கிவிட்டார். அப்பா பெயருக்குக் கீழே 'பார்ட்னர், மேற்படி கடை'. மாமா போடச் சொன்னதாம். அப்பாவுக்குத் தெரியாது.

என் பெயருக்குக் கீழே 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று போட அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். பேக்கரி பில்லிங், பாதி பஃப்ஸ். எடுத்துவிடச் சொன்னேன். படிப்பையும் எடுக்கச் சொன்னேன். அப்புறம் என்ன இருக்கும் என்றார். இருப்பதை மட்டும் போடுங்கள் என்றேன். 'சபரிகிரீசன், தாய்மாமன்' என்று அடித்தார்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற வரிகளெல்லாம் தடித்த எழுத்து. அந்த ஒரு வரி மட்டும் மெல்லியதாக இருந்தது. சந்திரகாந்தனும் அதைத்தான் பார்த்தார். என்னிடம் கேட்கப் பயந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

வெளியே வந்து ரெபேக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, சட்டப்படி இதற்கு ஆட்சேபம் ஏதாவது வருமா என்று கேட்டேன். மறுமுனையில் காகிதம் சரசரத்தது. ஃபைலுக்குள் முகத்தை வைத்திருக்க வேண்டும். கடைசியில், வராது என்றார்.

உள்ளே போனேன். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சந்திரகாந்தனின் காதோரம் குனிந்து, "போல்டு பண்ணிருங்க" என்றேன்.